கடல் இல்லாத கடற்கொள்ளை: ஏரிகளில் கப்பல் பறித்தவர்களைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

‘கடற்கொள்ளை’ என்ற சொல்லிலேயே கடல் இருக்கிறது. அதனால் ஏரியில் கடற்கொள்ளையர் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. குளத்தில் சுறா இருக்கிறது என்று சொன்னதுபோல் இருக்கிறது.

இந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். சிலர் இது சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டிய கதை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர், கடலில் நடந்ததுதான் ஏரியிலும் கொஞ்சம் சிறிய அளவில் நடந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒற்றைக் கண் மறைத்த தலைவன், மண்டை ஓட்டுக் கொடி, புதைத்த தங்கம் எல்லாம் அந்தக் கற்பனையில் வந்துவிடுகின்றன. நடந்தது இரண்டும் இல்லை. ஏரிக் கொள்ளை உண்மையில் நடந்திருக்கிறது, ஆட்கள் தூக்கில் தொங்கியிருக்கிறார்கள். ஆனால் அது இயங்கிய விதம் வேறு. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தண்ணீரைவிடக் கரையையும், கரைகளுக்கு நடுவே ஓடும் எல்லைக்கோட்டையும்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் வட அமெரிக்காவின் பேரேரிகளை வைத்தே இதை விளக்கப்போகிறேன். ஆவணங்கள் அங்கேதான் தெளிவாக இருக்கின்றன.

எவ்வளவு பெரிய ஏரி?

ஏரி என்றதும் நம் மனத்தில் வருவது வீராணமோ செம்பரம்பாக்கமோதான். கரைமேல் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒருநாள் நடந்தால் போய்விடலாம் என்ற தைரியம் இருக்கும். அந்த அளவுகோலை இங்கே கீழே வைத்துவிட வேண்டும்.

சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒண்டாரியோ என்று ஐந்து ஏரிகள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே சங்கிலிபோல் கிடக்கின்றன. (ஈரி என்பது ஒரு ஏரியின் பெயர், ‘ஏரி’ என்பதன் அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.) ஐந்தின் மொத்தப் பரப்பு சுமார் 2,44,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000. அதாவது நம் மாநிலம் முழுவதையும் ஒருமுறை மூழ்கடித்து, மறுபடியும் ஒருமுறை மூழ்கடிக்க முயலும் அளவுக்குத் தண்ணீர்ப் பரப்பு. சுப்பீரியர் ஏரி ஒன்று மட்டுமே 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இலங்கைத் தீவை அதற்குள் வைத்தால் சுற்றிலும் தண்ணீர் மிஞ்சும். உலகத்தின் மேற்பரப்பு நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்து ஏரிகளில் இருக்கிறது.

இங்கே புயல் அடிக்கும். கப்பல் உடையும். நடு ஏரியில் நின்றால் நான்கு பக்கமும் வானம்தான் தெரியும். ரயில் வருவதற்கு முன்பு, நல்ல சாலைகள் இல்லாத காலத்தில், விலங்குத் தோல், மரம், தானியம், உப்பு, மீன் எல்லாம் தண்ணீர் வழியேதான் போயின. 1825-இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு ஈரி ஏரி ஹட்சன் ஆற்றோடு இணைந்தபின் சரக்கு பல மடங்காயிற்று. சரக்கு போகும் வழி தனிமையாக இருந்தால் அங்கே கொள்ளையும் வரும். தார்ச்சாலையானாலும் தண்ணீரானாலும் இது மாறுவதில்லை.

நெடுஞ்சாலையும் முட்டுச்சந்தும்

கடலுக்கும் ஏரிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் உப்பு அன்று, தப்பிக்கும் வழி.

நெடுஞ்சாலையில் ஒருவன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு பைக்கில் பறந்தால், அரைமணி நேரத்தில் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுவான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. அதையே ஒரு முட்டுச்சந்துக்குள் செய்தால் எங்கே ஓடுவான்? சந்தின் இரு பக்கமும் அவனைத் தெரிந்தவர்களின் வீடுகள். கடல் நெடுஞ்சாலை. ஏரி முட்டுச்சந்து.

பேரேரிகளில் இந்த முட்டுச்சந்து நிலை இன்னும் கடுமை. ஈரிக்கும் ஒண்டாரியோவுக்கும் நடுவே நயாகரா அருவி விழுகிறது. 1829-இல் வெல்லண்ட் கால்வாய் திறக்கும்வரை ஒரு ஏரியின் கப்பல் மற்ற ஏரிக்கு மிதந்து போகவே முடியாது. சுப்பீரியர் ஏரியின் வாயிலில் சூ செயிண்ட் மரீயில் ஆற்றின் பாறைச்சரிவு. அங்கே மதகுக் கால்வாய் வந்தது 1855-இல். குளிர்காலத்தில் துறைகள் உறைந்து, வசந்தம் வரும்வரை போக்குவரத்தே நின்றுவிடும். களவாடிய கப்பலை வைத்துக்கொண்டு பனிக்கட்டிக்கு நடுவே என்ன செய்வது?

இன்னொரு சிக்கல், விற்பது. திருடிய மாட்டை அதே ஊர்ச் சந்தையில் ஓட்டிக்கொண்டு போய் விற்க முடியாது. நெற்றிச்சுழியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஏரிக் கப்பலும் அப்படித்தான். எந்தத் துறையில் கட்டினாலும் அது யாருடையது, மாலுமி யார், போன மாதம் என்ன ஏற்றினான் என்று தெரிந்தவர்கள் இருப்பார்கள். அதனால் ஏரிக் கொள்ளையர்கள் பெரும்பாலும் கப்பலை விட்டுவிட்டு, அடையாளம் இல்லாத சரக்கில் கைவைத்தார்கள். மரக்கட்டைக்கு நெற்றிச்சுழி கிடையாது. 1850-களில் அமெரிக்க அரசு நிலங்களில் திருட்டுத்தனமாக மரம் வெட்டி ஏரி வழியே கொண்டுபோனவர்களை ‘மரக் கொள்ளையர்’ என்றே அழைத்தார்கள். அவர்களை அடக்க ஒரு போர்க்கப்பலே இறங்க வேண்டியிருந்தது.

முட்டுச்சந்துக்கு ஒரு பின்வாசல் இருந்தால் நிலைமை மாறிவிடும். நிகராகுவா ஏரி அப்படிப்பட்டது. நன்னீர் ஏரிதான்; ஆனால் சான் ஹுவான் ஆறு அதைக் கரீபியக் கடலோடு இணைக்கிறது. உண்மையான கடற்கொள்ளையர்கள் அந்த ஆற்றில் படகுகளை எதிர்நீச்சலாகச் செலுத்தி ஏரிக்குள் வந்தார்கள். ஏரிக்கரையில், கடலுக்கு அஞ்சாமல் இருந்த கிரனடா என்ற ஸ்பானிய நகரத்தை 1665-இல் ஹென்றி மோர்கனும் கூட்டாளிகளும் சூறையாடினார்கள். பிறகுதான் ஸ்பானியர்கள் விழித்துக்கொண்டார்கள். ஏரியைக் காக்க ஏரியில் கோட்டை கட்டிப் பயனில்லை, வாசலில் கட்ட வேண்டும் என்று உணர்ந்து, ஆற்றின் நடுவே படகுகள் திணறும் பாறைச்சரிவுக்கு மேலே ஒரு கோட்டை எழுப்பினார்கள். 1675-இல் முடிந்த அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. அதே ஆற்றின் வழியாக ஏரிக்குள் வரும் இன்னொரு விருந்தாளியும் உண்டு: காளைச் சுறா. உப்பிலும் நன்னீரிலும் வாழக்கூடிய மீன் அது. குளத்தில் சுறா என்பது அங்கே நம்ப முடியாத சங்கதி இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஏரிக் கொள்ளை நடக்கச் சரக்கும் தனிமையும் போதும், ஆனால் ஏரியில் ஓட இடமில்லை, விற்க ஆளில்லை. அப்படியானால் ஓட இடம் எப்படி உண்டாகிறது?

நடுவே ஒரு கோடு

இரண்டு காவல் நிலையங்களின் எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெருவின் இந்தப் பக்கம் திருட்டு நடந்தால் ஒரு நிலையம், அந்தப் பக்கம் நடந்தால் இன்னொன்று. நகையைப் பறிகொடுத்த பெண்மணி அழுதுகொண்டே போய் நிற்பார். “அந்த இடம் எங்கள் எல்லையில் வராதே அம்மா” என்பார்கள். அடுத்த நிலையத்திலும் அதே பதில். திருடனுக்கு வேண்டியது இந்த இடைவெளிதான்.

ஒரு சட்டமும் அதன் காவலரும் நீதிமன்றமும் எதுவரை செல்லுபடியாகுமோ அந்தப் பரப்பை ‘அதிகார வரம்பு’ என்பார்கள். மிச்சிகன் நீங்கலாக மற்ற நான்கு பேரேரிகளின் நடுவேயும் அமெரிக்க, கனட எல்லைக்கோடு ஓடுகிறது. தண்ணீரில் கோடு தெரியாது. ஆனால் அதைத் தாண்டியதும் துரத்தி வந்த காவலன் நின்றாக வேண்டும்; தாண்டினால் அண்டை நாட்டின்மீது படையெடுத்ததாகிவிடும். முட்டுச்சந்தின் சுவரில் விழுந்த ஓட்டை இந்தக் கோடுதான்.

காவலும் குறைவு. கனடா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. 1812-ஆம் ஆண்டுப் போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் இந்த ஏரிகளில் கப்பல்களை நிறுத்திச் சண்டையிட்டன. போர் முடிந்தபின் 1817-இல் இரு நாடுகளும் ரஷ்–பேகட் உடன்பாடு செய்துகொண்டன. ஒண்டாரியோவில் தலைக்கு ஒரு கப்பல், அதற்கு மேலே உள்ள மற்றப் பேரேரிகளில் இரண்டு, எல்லையில் உள்ள சாம்ப்ளேன் என்ற வேறொரு ஏரியில் ஒன்று. ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேற்படாமல், ஒரே ஒரு பீரங்கியோடு. சமாதானத்துக்கு இது மிக நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் இரண்டு தமிழ்நாடு அகலத் தண்ணீரை விரல்விட்டு எண்ணும் கப்பல்கள் காத்தன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1838, மே மாதத்து மழை இரவு

கோடும் தீவும் காவலின்மையும் ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்பதற்கு பில் ஜான்ஸ்டனைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒண்டாரியோ ஏரி செயிண்ட் லாரன்ஸ் ஆறாக வெளியேறும் இடத்தில் 1,800-க்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஆயிரம் தீவுகள் என்று பெயர். சில தீவுகளில் ஊரே இருக்கும். சிலவற்றில் ஒரு பாறையும் இரண்டு மரமும்தான். 1822-இல் எல்லை ஆணையர்கள் எந்தத் தீவும் இரண்டாக வெட்டுப்படாதபடி எல்லைக்கோட்டை வளைத்து வளைத்துப் போட்டார்கள். அதனால் அடுத்தடுத்த இரண்டு பாறைகள் வேறுவேறு நாடாகிவிட்டன. ஜான்ஸ்டன் 1782-இல் இன்றைய கியூபெக்கில் பிறந்தவர். கனடாப் பக்கத்துக் கிங்ஸ்டன் நகரத்தில் வியாபாரம் செய்தவர். 1812 போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரைச் சந்தேகித்துச் சிறைப்பிடித்தார்கள். அவர் தப்பி அமெரிக்கப் பக்கம் சேர்ந்தார். கனடாவில் இருந்த சொத்தெல்லாம் போயிற்று. அந்தக் காயம் ஆறவே இல்லை.

1837-இல் மேல் கனடாவில் (இன்றைய ஒண்டாரியோ மாகாணத்தின் தென்பகுதி) பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. கிளர்ச்சிக்காரர்களுக்குச் சாமான் ஏற்றிச்சென்ற ‘கரோலைன்’ என்ற அமெரிக்க நீராவிப் படகை டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் தரப்பினர் அமெரிக்கக் கரைக்கே வந்து பிடித்து, தீ வைத்து, நயாகரா ஆற்றில் அருவியை நோக்கி மிதக்கவிட்டார்கள். ஓர் அமெரிக்கர் இறந்தார். எல்லையோர ஊர்கள் கொதித்துப்போயின.

அடுத்த மே 29 இரவு. ‘சர் ராபர்ட் பீல்’ என்ற பிரிட்டிஷ் பயணிக் கப்பல் வெல்ஸ் தீவில் விறகு ஏற்ற நின்றது. அந்தக் காலத்து நீராவிக் கப்பலுக்கு விறகுதான் எரிபொருள். துறைக்குத் துறை நின்று அடுக்கிக்கொள்ள வேண்டும். மழை. பயணிகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவையொட்டி, பூர்வகுடியினர்போல் முகத்தில் சாயம் பூசிய ஆட்கள் துப்பாக்கியும் ஈட்டியுமாகக் கப்பலில் ஏறி, “கரோலைனை மறக்காதே!” என்று கூவினார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட எல்லோரையும் படுக்கையிலிருந்து எழுப்பிக் கரைக்கு விரட்டினார்கள். பணமும் பொருளும் பறிபோயின. கப்பலைக் கைப்பற்றித் தங்கள் போர்க்கப்பலாக்குவதுதான் திட்டம். ஆனால் அதை ஓட்டப் போதிய ஆள் வந்துசேரவில்லை. ஆற்றின் நடுவே தள்ளி எரித்துவிட்டார்கள். நள்ளிரவு மழையில் இரவு உடையோடு கரையில் நின்று, தங்கள் பெட்டிகள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர்களை நினைத்தால், இதை வீரக்கதையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஜான்ஸ்டன் தீவுகளுக்குள் மறைந்தார். ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு பாறையைக் கடந்துவிடக்கூடிய இலேசான துடுப்புப் படகு அவரிடம் இருந்தது. மகள் கேட் இரவில் படகில் உணவு கொண்டுவந்து கொடுத்தாள். நியூயார்க் ஆளுநர் மார்சி அவர் தலைக்குப் பரிசு அறிவித்தார்.

அப்போது ஜான்ஸ்டன் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஜூன் மாதம் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பத்திரிகைகளில் அது அச்சாயிற்று. கனடாவின் விடுதலைக்காகப் போராடும் படையில் தாம் கப்பல் தளபதி என்றார். அமெரிக்கர்களின் வணிகத்தோடு தமக்குப் பகை இல்லை என்றார். எந்தத் தீவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது தமக்கு நன்றாகத் தெரியும் என்றும், தமது தலைமையிடம் அமெரிக்க அதிகார வரம்புக்கு வெளியே இருக்கும்படி பார்த்தே அமைத்திருப்பதாகவும் எழுதினார். தலைமறைவாக இருப்பவர் முதலில் விளக்கியது எல்லைக்கோட்டை! கோடுதான் தமது கவசம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் கவசத்தில் ஒரு விரிசல். கப்பலை எரித்த வெல்ஸ் தீவு அமெரிக்க மண். ஆகவே அது நியூயார்க் மாநிலச் சட்டப்படி கொள்ளை, தீவைப்பு. பிடிபட்ட ஒருவர்மீது தீவைப்பு வழக்கு நடந்தது, ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்குக் கிளர்ச்சிக்காரர்கள்மேல் அனுதாபம் இருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிடிபட்ட ஜான்ஸ்டனுக்கோ, அமெரிக்கா சமாதானமாக இருக்கும் நாட்டின்மேல் அதன் மண்ணிலிருந்து சண்டைக்குப் போகக் கூடாது என்ற நடுநிலைச் சட்டத்தை மீறியதற்காக ஓராண்டுச் சிறை விதித்தார்கள்; அதிலிருந்தும் தப்பினார். பிற்காலத்தில், 1853-இல், ராக் தீவின் கலங்கரை விளக்கக் காவலராக நியமிக்கப்பட்டார். பீல் கப்பல் எரிந்த நீர்ப்பரப்புக்கு அருகிலேயே, போகும் வரும் கப்பல்களுக்கு இரவெல்லாம் விளக்கேற்றி வைத்தார். இன்றுவரை அவரை ஆயிரம் தீவுகளின் கடற்கொள்ளையர் என்கிறார்கள். எந்த நீதிமன்றமும் அவரை அந்தப் பெயரில் தண்டிக்கவில்லை.

கொள்ளையனா, போர்வீரனா?

இப்போது சொல்லை வரையறுத்துக்கொள்ளலாம். கடற்கொள்ளை என்பதற்கு இன்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பொருள் 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையில் இருக்கிறது. எளிமையாகச் சொன்னால் அது நான்கு கால்களில் நிற்கும் கட்டில்: வன்முறையோ பறிப்போ நடக்க வேண்டும், அது தனிப்பட்ட நோக்கத்துக்காக இருக்க வேண்டும், ஒரு தனியார் கப்பலிலிருந்து மற்றொரு கப்பலின்மீது நடக்க வேண்டும், எந்த நாட்டின் அதிகார வரம்புக்கும் உட்படாத நீரில் நடக்க வேண்டும். ஒரு கால் இல்லாவிட்டாலும் கட்டில் சாய்ந்துவிடும்.

இதில் இரண்டாவது கால் எப்படி ஆடும் என்பதை 1864 செப்டம்பர் 19-ஆம் தேதி காட்டுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஈரி ஏரியில் ஜான்சன் தீவில், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையைச் சேர்ந்த அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் கைதிகளாக இருந்தார்கள். அவர்களைக் காத்துநின்றது ‘மிச்சிகன்’ என்ற ஒரே போர்க்கப்பல். அதைப் பிடித்துக் கைதிகளை விடுவிக்க, தென்மாநிலத் தரப்பைச் சேர்ந்த ஜான் யேட்ஸ் பீல் கனடாவிலிருந்து திட்டமிட்டார். (முன்பு எரிந்த ‘சர் ராபர்ட் பீல்’ கப்பலுக்கும் இவருக்கும் தொடர்பு இல்லை.)

டெட்ராய்ட்டிலிருந்து புறப்பட்ட ‘ஃபைலோ பார்சன்ஸ்’ என்ற பயணிக் கப்பலில், கனடாக் கரையில் ஆட்கள் சிலர் சிலராக டிக்கெட் வாங்கி ஏறினார்கள். ஒரு துறையில் ஏறிய கூட்டம் கயிற்றால் கட்டிய பழைய டிரங்குப் பெட்டி ஒன்றையும் ஏற்றியது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. மாலை நான்கு மணியளவில், ஏரியின் நடுவே, கயிற்றை அவிழ்த்தார்கள். உள்ளே ரிவால்வர்களும் கோடரிகளும் இருந்தன. கப்பல் கைமாறியது. வழியில் ‘ஐலண்ட் குவீன்’ என்ற இன்னொரு கப்பலையும் பிடித்து, பிறகு மூழ்கவிட்டார்கள். ஆனால் மிச்சிகன் கப்பலைச் சூழ்ச்சியால் செயலிழக்கச் செய்யவேண்டிய கூட்டாளி அதற்குள் கைதாகிவிட்டார். இருட்டில் காத்திருந்தார்கள், சைகை வரவில்லை. இதற்குமேல் போகமாட்டோம் என்று ஆட்களில் பெரும்பாலோர் மறுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். ஜான் பீல், பிடித்த கப்பலைக் கனடாவுக்குத் திருப்பிக் கைவிட்டார்.

இது கொள்ளையா, போரா? பீலின் பதில்: நான் படையதிகாரி, அரசின் ஆணைப்படி செய்தேன். தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸும் அதை ஒப்புக்கொண்டார். வடக்கு அதை ஏற்கவில்லை. சீருடை இல்லாமல், பயணிபோல் நடித்து ஏறியவனுக்குப் போர்வீரனின் உரிமை கிடையாது என்றது. உளவாளி என்றும் ஒழுங்குமுறைக்குப் புறம்பாகச் சண்டையிட்டவர் என்றும் இராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1865 பிப்ரவரி 24 அன்று நியூயார்க்கில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவருடைய துணைவர் பென்னட் பர்லியின் கதை வேறு திசையில் போயிற்று. கனடாவில் பிடிபட்ட அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கலாமா என்ற விசாரணை முழுவதும் கப்பல் குமாஸ்தாவிடம் பறித்த பணத்தைச் சுற்றியே நடந்தது. போருக்காகக் கப்பலைப் பிடித்தாய், சரி. குமாஸ்தாவின் பணம் எந்தப் போருக்கு என்பதுதான் கேள்வி. கொள்ளை என்று முடிவாகி ஒப்படைத்தார்கள். ஓஹையோவில் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. பர்லி சிறையிலிருந்து தப்பினார். பின்னாளில் லண்டன் பத்திரிகை ஒன்றின் புகழ்பெற்ற போர்ச் செய்தியாளர் ஆனார். ஒரே கப்பல், ஒரே மாலை. ஒருவருக்குத் தூக்குக் கயிறு, இன்னொருவருக்குப் பேனா.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது: ‘கொள்ளையர்’ என்ற பெயரை ஏரியில் பெரும்பாலும் எதிர்த்தரப்பு சூட்டியது. பழைய செய்திகளில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், அதைச் சொன்னது யார் என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஏரி சட்டத்தில் கடல் ஆகுமா?

நான்காவது காலுக்கு வருவோம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நீரைத் ‘திறந்த கடல்’ என்கிறது சட்டம். அங்கே நடக்கும் கடற்கொள்ளைக்கு மட்டும் ஒரு விசேஷ விதி உண்டு: எந்த நாட்டுக் கப்பலும் கொள்ளையனைப் பிடிக்கலாம், தன் நாட்டிலேயே விசாரிக்கலாம். ஏரிக்கு இந்த விதி பொருந்தாது. ஏனென்றால் ஏரியின் ஒவ்வொரு சொட்டும் ஏதோ ஒரு நாட்டுக்குச் சொந்தம். எனவே இன்றைய பன்னாட்டுச் சட்டத்தின்படி ஏரியில் நடப்பது ஆயுதம் ஏந்திய கொள்ளை, கடற்கொள்ளை ஆகாது.

ஆனால் அமெரிக்காவின் உள்நாட்டுச் சட்டம் ஒருமுறை வேறுவிதமாக முடிவுசெய்தது. 1887-இல் ‘அலாஸ்கா’ என்ற அமெரிக்க நீராவிக் கப்பல் டெட்ராய்ட் ஆற்றில் கனடாவின் பக்கத்தில் சென்றபோது, கப்பலில் ஒருவர்மீது ஆயுதத் தாக்குதல் நடந்தது. திறந்த கடலில் அமெரிக்கக் கப்பலில் நடக்கும் குற்றத்தை அமெரிக்க நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று சட்டம் சொன்னது. அந்த ஆறு இணைக்கும் ஏரிகளைத் திறந்த கடல் என்று சொல்ல முடியுமா? 1893-இல் உச்ச நீதிமன்றம் முடியும் என்றது. கரையால் அடைபடாமல் பரந்து, பல நாட்டுக் கப்பல்களுக்குப் பொதுவாக இருக்கும் நீர், பேரேரிகளானாலும் அந்தச் சட்டத்துக்குத் திறந்த கடல்தான் என்று நீதிபதி ஃபீல்ட் எழுதினார். இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. பேரேரிகளைச் சட்டமே கடல் என்று சொல்லிவிட்டது என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்பியது. உண்மையில் அது ஒரு சட்டத்தின் ஒரு சொல்லுக்குக் கொடுத்த பொருள், அவ்வளவே.

தேவதாரு மரத்தூண்களும் டான் சீவியும்

1908-இல் நடந்ததைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அதைச் சுற்றிக் கதைகளும் ஏராளம். நான் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மிச்சிகன் ஏரியில் சொந்தப் பாய்மரப் படகு வைத்திருந்த டான் சீவி, ஜூன் மாதம் கிராண்ட் ஹேவன் துறையில் ‘நெல்லி ஜான்சன்’ என்ற கப்பலில் இருந்தவர்களோடு மது அருந்தி, அவர்கள் மயங்கியதும் கப்பலை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சரக்கு, தேவதாரு வேலித்தூண்கள். சிகாகோவில் விற்க முயன்றார், ஆள் கிடைக்கவில்லை. உள்ளூர்ச் சந்தையில் மாடு விற்கப் போனவனின் நிலைதான். சுங்கக் காவல் கப்பலான ‘டஸ்கரோரா’ அவரைத் தேடிப் பிடித்தது.

பத்திரிகைகள் கடற்கொள்ளையன் பிடிபட்டான் என்று எழுதித் தீர்த்தன. குற்றச்சாட்டில் அந்தச் சொல் இல்லை; அனுமதியின்றிக் கப்பலை எடுத்துச் சென்றது என்பதுபோன்ற சாதாரண வாசகம்தான். கப்பலின் உரிமையாளர் நீதிமன்றத்துக்கே வரவில்லை. சீவி வெளியே வந்துவிட்டார். எல்லைக்கோடே இல்லாத ஏரி மிச்சிகன் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கோடு இல்லாததால் ஒளிய மறுநாடும் இல்லை. சில வாரங்களிலேயே கதை முடிந்துவிட்டது.

இன்றும்

இது பழங்கதையாக முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். டெக்சாசுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே ரியோ கிராண்டே ஆற்றில் அணை கட்டியதால் உண்டானது ஃபால்கன் ஏரி. எல்லைக்கோடு அதன் நடுவே போகிறது. 2010-இல் தூண்டில்காரர்களின் படகுகளைத் துப்பாக்கியோடு வந்தவர்கள் மறித்துப் பணம் பறித்தார்கள்; டெக்சாஸ் அதிகாரிகள் மக்களை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அந்த ஆண்டு அங்கே ஓர் உயிரும் போயிற்று.

எனக்கு அதைவிட மனத்தை உறுத்துவது ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். கென்யா, உகாண்டா, தான்சானியா என்று மூன்று நாடுகள் பங்கிட்டுக்கொண்ட தண்ணீர். மீனுக்கு எல்லை தெரியாது. மீனைத் தேடிப்போகிற படகுக்கும் கோடு எங்கே என்று தெரிவதில்லை. அங்கே கொள்ளையர் தேடுவது தங்கமோ கப்பலோ இல்லை. படகின் பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சின், வலை, அன்றைய மீன். மரக்கட்டையைப்போலவே எஞ்சினும் எளிதில் கைமாறும். கடன் வாங்கி எஞ்சின் வாங்கியவர் அன்றே தொழிலை இழக்கிறார், கடன் மட்டும் மிஞ்சுகிறது. உயிரோடு கரை சேர வேண்டுமானால் துடுப்பு வலிக்க வேண்டும்.

அங்கே ‘ஒமேனா’ என்ற சிறு மீனை நிலவில்லாத இரவுகளில் பிடிக்கிறார்கள். தண்ணீரின்மேல் விளக்கை மிதக்கவிட்டு, வெளிச்சத்துக்கு மீன் கூடும்வரை வலையோடு காத்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் கருத்த ஏரியின்மேல் விளக்குகள் வரிசையாகத் தெரியும். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு படகின் எஞ்சின் சத்தம் நெருங்கும்போது, விளக்கை அணைப்பதா, வலையை இழுப்பதா என்று முடிவெடுக்க அவர்களுக்குச் சில நிமிடங்களே இருக்கும்.